பதினாறுக்குப் பதினொன்று: பாய்மரப் படகுக்குப் புரொப்பல்லர் அளவு பார்ப்பது

(பாலக்கோட்டில் தொழிற்கல்வி மாணவர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் மோட்டார் மெக்கானிக்குகளும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடல் இல்லாத ஊருக்கு வந்து கடல் படகைப் பற்றிப் பேசக் காரணம் இருக்கிறது. பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காரிமங்கலம் பக்கமிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போகிற இளைஞர்களில் பலர் லேத்திலும் சிஎன்சி இயந்திரத்திலும் நிற்கிறவர்கள். இங்கேயே இருப்பவர்களில் பலர் போர்வெல் மோட்டாரை ஏற்றி இறக்கிப் பிழைக்கிறவர்கள். புரொப்பல்லர் என்பது வார்ப்படமும் கடைசலும் அரமும் சேர்ந்து உருவாக்கும் பட்டறைப் பொருள். அதன் அளவைத் தீர்மானிக்கும் கணக்கு முழுவதையும் ஒரு மேஜை, இரண்டு மூலைமட்டம், ஒரு கால்குலேட்டர் வைத்துப் போட்டுவிடலாம். கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்த எனக்கு இது உறுதியாகத் தெரியும். ஆகவே இந்த வித்தையைக் கற்றுக்கொள்ள நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ பிறந்திருக்க வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நெடும்பயணப் பாய்மரப் படகு எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் தங்கி, சமைத்து, தூங்கி, மாதக்கணக்கில் கடலில் போகிற படகு. பெரும்பாலும் முப்பது முதல் ஐம்பது அடி நீளம் இருக்கும். பாய் விரித்துக் காற்றில் ஓடுவதுதான் அதன் பிழைப்பு. ஆனாலும் உள்ளே ஒரு சிறிய டீசல் எஞ்சின் வைத்திருப்பார்கள். துறைமுகத்துக்குள் நுழைய, நங்கூரம் எடுக்க, காற்றே இல்லாத நாளில் கொஞ்ச தூரம் நகர, கரையை நோக்கித் தள்ளும் காற்றிலிருந்து தப்பிக்க அது வேண்டும். அந்த எஞ்சினிலிருந்து ஒரு ஷாஃப்ட் படகின் அடியில் வெளியே வரும். அதன் நுனியில் புரொப்பல்லர்.

சிக்கல் இங்கேதான். எஞ்சின் ஓடும்போது புரொப்பல்லர் பெரியதாக இருந்தால் நல்லது. பாயில் ஓடும்போது அதே புரொப்பல்லர் தண்ணீருக்குள் நின்று படகைப் பின்னால் இழுக்கும். எஞ்சின் நூறு மணி நேரம் ஓடுகிற வருடத்தில் பாய் ஆயிரம் மணி நேரம் ஓடலாம். எந்த நேரத்துக்காக அளவு பார்ப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்த அட்டவணையைப் புரட்டினாலும் பயனில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. இந்தியக் கடற்படையின் தாரிணி, கோவாவில் அக்வேரியஸ் கப்பல்தளத்தில் கட்டப்பட்டு 2017 பிப்ரவரியில் படையில் சேர்ந்த 56 அடிப் பாய்மரப் படகு. அதே ஆண்டு செப்டம்பரில் கடற்படைப் பெண் அதிகாரிகள் ஆறு பேர் அதில் உலகைச் சுற்றக் கிளம்பி 2018 மே மாதம் திரும்பினார்கள். பிறகு 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து இரண்டே பேர் கிளம்பினார்கள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. மற்றவர் நம் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவு, தென்னாப்பிரிக்கா வழியாகச் சுற்றி 2025 மே 29 அன்று கோவா வந்து சேர்ந்தார்கள். இருபத்தையாயிரம் கடல் மைலுக்கு மேல். இத்தகைய சுற்றுப் பயணத்தில் படகைத் தள்ளுவதற்கு எஞ்சினைப் பயன்படுத்தக் கூடாது, காற்று மட்டுமே தள்ள வேண்டும் என்பது விதி. நம் பக்கத்துப் பெண் ஒருவர் தென் பெருங்கடலில் பாயைச் சுருக்கியும் விரித்தும் தென் அமெரிக்க முனையான கேப் ஹார்னைக் கடந்தார் என்பதைச் சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

இப்போது கணக்குப் பாருங்கள். 25,000 கடல் மைலைச் சராசரி 6 நாட் வேகத்தில் கடக்க 4,167 மணி நேரம் ஆகும். நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். நிலையான மூன்று இறக்கைப் புரொப்பல்லர் ஒன்று அந்தப் படகை அரை நாட் பிடித்து இழுக்கிறது என்று வையுங்கள். மெல்லிய காற்றில் அவ்வளவு இழுப்பது அதிசயமில்லை. 5.5 நாட்டில் அதே தூரம் 4,545 மணி நேரம். வித்தியாசம் ஏறக்குறைய பதினாறு நாள். பதினாறு நாள் குடிநீர், பதினாறு நாள் சாப்பாடு, பதினாறு நாள் தூக்கமில்லாத இரவுக் காவல். நான் தாரிணியின் புரொப்பல்லரை அளந்து சொல்லவில்லை. அந்தத் தூரத்துக்கு அரை நாட் என்ன விலை கேட்கும் என்பதைக் காட்டினேன்.

பழங்காலக் கப்பற்படைகளுக்கும் இதே தலைவலி இருந்தது. 1860இல் நீரில் இறக்கப்பட்ட பிரிட்டனின் இரும்புப் போர்க்கப்பல் வாரியர், நீராவியிலும் பாயிலும் ஓடியது. பாய் விரிக்கும்போது புரொப்பல்லரைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கிவிட ஒரு கூண்டு அமைத்திருந்தார்கள். பல டன் எடையுள்ள அதை மேலே ஏற்ற அறுநூறு பேர் வரை கயிறு இழுக்க வேண்டியிருந்தது. இழுவையைக் குறைப்பதற்காக அத்தனை பேரின் உழைப்பைச் செலவிட்டிருக்கிறார்கள்! அந்தக் கப்பல் இன்றும் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் காட்சிக்கு நிற்கிறது.

சரி, அளவுக்கு வருவோம்.

ஒரு புரொப்பல்லரின் நடுக்குடத்தைத் துடைத்துப் பார்த்தால் 16 × 11 என்று குத்தியிருக்கும். பக்கத்தில் வலச்சுற்றா இடச்சுற்றா என்பதற்கு ஓர் எழுத்து இருக்கும். முதல் எண் விட்டம், அங்குலத்தில். அதாவது இறக்கை நுனிகள் சுழலும் வட்டத்தின் குறுக்களவு. இரண்டாவது எண் பிட்ச். தண்ணீர் கொஞ்சமும் நழுவாத கட்டியாக இருந்தால் ஒரு முழுச் சுற்றில் புரொப்பல்லர் எவ்வளவு முன்னேறும் என்பது அந்த எண். லேத்தில் த்ரெட் போடுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் தண்ணீர் நழுவும். அந்த நழுவலைத்தான் ஸ்லிப் என்கிறோம். கனமான பாய்மரப் படகில் ஸ்லிப் 40 முதல் 50 சதவீதம் வரை இருக்கும். பதினொரு அங்குலப் பிட்ச் உள்ள புரொப்பல்லர் ஒரு சுற்றில் படகை ஆறு அங்குலம்தான் நகர்த்தும். இதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஸ்லிப் இல்லாவிட்டால் தள்ளுவிசையும் இல்லை. தண்ணீரைப் பின்னால் தள்ளினால்தான் படகு முன்னால் போகும்.

இப்போது ஒரு படகை எடுத்துக்கொள்வோம். மொத்த நீளம் 36 அடி. தண்ணீர் தொடும் மட்டத்தில் நீளம் 30 அடி. எடை எட்டு டன். எஞ்சின் 30 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 3,600 சுற்றில். கியர்பாக்ஸ் 2.6க்கு 1. நடுத்தரக் குடும்பப் படகு ஒன்று பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

முதல் கேள்வி படகின் வேகம். எடையுள்ள படகு தன் அலையைத் தானே எழுப்பி அதற்குள் சிக்கிக்கொள்ளும். அதனால் நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வருவதுதான் ஏறக்குறைய உச்ச வேகம். முப்பதின் வர்க்கமூலம் 5.48, பெருக்கினால் 7.3 நாட். அதற்கு மேல் எஞ்சினைப் பெரிதாக்கினாலும் புகைதான் கூடும். நாம் 7 நாட் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, ஷாஃப்ட்டின் சுற்று. 3,600ஐ 2.6ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 1,385.

மூன்றாவது, விட்டம். டேவ் ஜெர் என்ற அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் 1989இல் வெளியிட்ட புரொப்பல்லர் கையேடு படகுத் தொழிலில் பலரும் கையில் வைத்திருக்கும் புத்தகம். மூன்று இறக்கைக்கு அதில் ஒரு சூத்திரம் உண்டு. குதிரைத்திறனின் 0.2 அடுக்கை 632.7ஆல் பெருக்கி, ஷாஃப்ட் சுற்றின் 0.6 அடுக்கால் வகுக்க வேண்டும். கைபேசியிலேயே அடுக்கு போடும் பொத்தான் இருக்கிறது. இப்போதே போட்டுப் பாருங்கள். முப்பதின் 0.2 அடுக்கு 1.97. 1,385இன் 0.6 அடுக்கு ஏறக்குறைய 77. விடை 16.3 அங்குலம் அளவில் வரும். பதினாறு என்று எடுக்கிறோம்.

நான்காவது, பிட்ச். ஒரு நாட் என்பது நிமிடத்துக்கு 1,215 அங்குலம். ஏழு நாட்டுக்கு 8,505 அங்குலம். அதை 1,385 சுற்றால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 6.14 அங்குலம். இது நழுவல் இல்லாத கணக்கு. 45 சதவீதம் நழுவும் என்றால் 0.55ஆல் வகுக்க வேண்டும். 11.2 வரும். ஆக, பதினாறுக்குப் பதினொன்று.

இதே படகில் கியர்பாக்ஸ் மட்டும் 2க்கு 1 என்று இருந்தால் என்ன ஆகும்? ஷாஃப்ட் 1,800 சுற்று. விட்டம் பதினாலு அங்குலத்துக்குச் சுருங்கும். பிட்ச் எட்டரை, ஒன்பது. எஞ்சின் அதே எஞ்சின், டீசல் அதே டீசல். ஆனால் சின்னப் புரொப்பல்லர் குறைந்த தண்ணீரைப் பிடித்து வேகமாகப் பின்னால் எறிகிறது. பெரிய புரொப்பல்லர் நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுகிறது. தள்ளுவிசை தண்ணீரின் நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. வீணாகும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. அதனால் நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம். ராங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியர் 1865இலேயே இந்தக் கணக்கை எழுதிவிட்டார். எதிர்க்காற்றில் துறைமுக வாயிலில் படகு திணறும்போது பதினாறு அங்குலத்துக்கும் பதினாலு அங்குலத்துக்கும் உள்ள வேறுபாடு கையில் தெரியும்.

இந்த உண்மையை நம் கடற்கரைக்குக் கொண்டுவந்து உழைத்தவர்கள் உண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 1979இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் வேலை பார்த்த நார்வேக்காரப் படகு வடிவமைப்பாளர் கல்பிரான்ட்சன், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986இல் ஒரு கையேடு எழுதினார். மெதுவாகச் சுழலும் பெரிய புரொப்பல்லர், அடக்கமான வேகம், சுத்தமான அடிப்பகுதி ஆகியவையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னவை. 2012இலும் அதே பொருளில் விரிவான கையேடு ஒன்றை அவர் உணவு வேளாண் அமைப்புக்காக எழுதினார். நம் சோழமண்டலக் கரையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. படகு அலையில் ஏறி வந்து மணலில் முட்டி நிற்க வேண்டும். அடியில் புரொப்பல்லர் நிலையாக நீட்டிக்கொண்டிருந்தால் முதல் நாளே முறிந்துபோகும். அதற்காக எஞ்சினோடு சேர்த்துப் புரொப்பல்லரை மேலே தூக்கிவிடும் ஓர் அமைப்பை அந்தத் திட்டத்தில் உருவாக்கினார்கள். கையேடுகளில் இருக்கும் சூத்திரத்துக்கு முன்னால் அந்தக் கரையின் மணலைப் பார்த்தவர்கள் அவர்கள். அதனால்தான் அவர்கள்மேல் எனக்கு மரியாதை.

பெரியது நல்லது என்றேன். எவ்வளவு பெரியது? படகின் அடிப்பலகைக்கும் இறக்கை நுனிக்கும் நடுவே விட்டத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் இடைவெளி வேண்டும். பதினாறு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தால் ஒவ்வோர் இறக்கையும் கடந்து போகும்போது நீரழுத்தம் படகின் அடியில் முட்டும். படுக்கையில் இருப்பவருக்கு இரவெல்லாம் அதிர்வு, சத்தம். பல படகுகளில் சூத்திரம் பதினெட்டு அங்குலம் கேட்கும், இடம் பதினாறுதான் தரும். அப்போது இடம் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். பெரிய விட்டம் பிடிக்காத இடத்தில் பிட்ச்சைக் கூட்டி ஈடுகட்டுவார்கள். ஓரளவு வரைக்கும் அது சரி.

ஒரு எச்சரிக்கை. விட்டத்தை ஒரு அங்குலம் கூட்டுவது சின்ன விஷயம் போலத் தெரியும். ஒரே சுற்று வேகத்தில் புரொப்பல்லர் கேட்கும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்கோடு ஏறும். பதினாறைப் பதினேழாக்கினால் 35 சதவீதம் அதிக சக்தி வேண்டும். முப்பது குதிரை கொடுக்கும் எஞ்சினிடம் நாற்பது கேட்டால் அது மூச்சுத் திணறும்.

போர்வெல் மோட்டார் இறக்குகிறவர்களுக்கு இது புதிதில்லை. குழியின் ஆழமும் தண்ணீர் மட்டமும் தெரியாமல் நீங்கள் ஹெச்.பி.யும் ஸ்டேஜும் சொல்ல மாட்டீர்கள். ஐந்து ஹெச்.பி. மோட்டாரில் தாங்காத பம்பைப் பூட்டினால் ஆம்பியர் ஏறி, காயில் கருகும். அதைப் பேனலில் உள்ள அம்மீட்டர் முன்கூட்டியே சொல்லிவிடும். படகு எஞ்சினில் அம்மீட்டர் கிடையாது. சுற்று காட்டும் மீட்டர்தான் அந்த வேலையைச் செய்கிறது.

ஆகவே கணக்கு முடிந்ததும் படகை ஆழமான, அமைதியான தண்ணீருக்கு எடுத்துப் போக வேண்டும். அடிப்பகுதி சுத்தமாக இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, டீசல், சாமான் எல்லாம் வழக்கம்போல ஏற்றியிருக்க வேண்டும். எஞ்சின் சூடானதும் ஆக்சிலரேட்டரை முழுவதும் தள்ளி, சில நிமிடம் அப்படியே ஓடவிட்டுச் சுற்றைப் படிக்க வேண்டும். 3,600 என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் 3,600ஐத் தொட வேண்டும். 3,200இல் நின்றுவிட்டு, கரும்புகை கக்கி, வெப்பம் ஏறினால் புரொப்பல்லர் எஞ்சினுக்குக் கனம். 3,600ஐத் தாண்டி ஓடிக்கொண்டே போய், படகு மட்டும் வேகம் எடுக்கவில்லை என்றால் புரொப்பல்லர் லேசு. பிட்ச்சில் ஓர் அங்குலம் மாற்றினால் எஞ்சின் சுற்று 150 முதல் 200 வரை மாறும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கைக்கணக்கு. 400 சுற்று குறைந்தால் இரண்டு அங்குலம் பிட்ச் குறைக்க வேண்டும்.

ஆனால் புரொப்பல்லர்மேல் பழி போடும் முன் மற்றதைப் பாருங்கள். சுற்று மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று ஷாஃப்ட்டில் ஒளியால் சுற்றை அளக்கும் மீட்டர் பிடித்து ஒருமுறை சரிபார்க்க வேண்டும். டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், புகை வெளியேறும் வளைவுக் குழாயில் கரி, எல்லாம் பார்க்க வேண்டும். அடியில் கொட்டலசு என்னும் கடலுயிர் ஒட்டியிருக்கிறதா என்று முங்கிப் பார்க்க வேண்டும். நம் கடல் வெதுவெதுப்பானது. அதில் கொட்டலசு ஒட்ட அதிக நாள் வேண்டாம். இறக்கையில் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தாலே தள்ளுவிசை கணிசமாக விழும். இந்த ஒரு காரணத்துக்காகவே, நம் கடலில் ஓடும் படகுக்குப் பிட்ச்சைக் கொஞ்சம் குறைவாகவே வைக்கச் சொல்வேன். சுத்தமாக இருக்கும்போது 3,650 காட்டினாலும் பரவாயில்லை; மூன்று மாதம் கழித்து அடி அழுக்கான பிறகும் எஞ்சின் தன் சுற்றை எட்டும்.

இப்போது பட்டறைக்கு வாருங்கள். பழைய புரொப்பல்லர் ஒன்று கைக்கு வருகிறது. குத்திய எண் தேய்ந்துபோய்விட்டது, அல்லது யாரோ அடித்து வளைத்து நிமிர்த்தியிருக்கிறார்கள். அதன் பிட்ச் என்ன? சமமான மேஜையில் குடத்தைக் கவிழ்த்து வையுங்கள். நடு மையத்திலிருந்து நுனி வரை உள்ள ஆரத்தில் பத்தில் ஏழு பங்கில் ஒவ்வோர் இறக்கையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். பதினாறு அங்குலப் புரொப்பல்லரில் ஆரம் 8. பத்தில் ஏழு என்றால் 5.6 அங்குலம். அந்தக் கோட்டில் முன்விளிம்பு மேஜையிலிருந்து எவ்வளவு உயரம், பின்விளிம்பு எவ்வளவு உயரம் என்று மூலைமட்டம் வைத்து அளந்து வித்தியாசம் எடுங்கள். இரண்டு விளிம்புகளுக்கும் நேர் கீழே மேஜையில் புள்ளி வைத்து, அந்தக் கிடைத் தூரத்தையும் அளங்கள். உயர வித்தியாசம் 1.25 அங்குலம், கிடைத் தூரம் 4 அங்குலம் என்று வருகிறது. 5.6 அங்குல ஆரத்தில் வட்டத்தின் சுற்றளவு 35.2. அதை 1.25ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 11. பதினொரு அங்குலப் பிட்ச்.

இதை எல்லா இறக்கையிலும் செய்யுங்கள். ஒன்றில் 11, அடுத்ததில் 11.75, மூன்றாவதில் 10.5 என்று வந்தால் அந்தப் புரொப்பல்லர் எந்தப் படகையும் நிம்மதியாக விடாது. படகுக்காரர் எஞ்சின் மவுண்ட்டை மாற்றுவார், ஷாஃப்ட்டை மாற்றுவார், பேரிங்கை மாற்றுவார், அதிர்வு போகாது. சாக்பீஸ் கோடு போட்டு அளந்து பார்க்காததுதான் காரணமாக இருக்கும். வெண்கலத்தின் நிறத்தையும் கவனியுங்கள். மஞ்சளாக இருக்க வேண்டிய இடத்தில் இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் உலோகத்திலிருந்து துத்தநாகம் கரைந்து போய்விட்டது என்று பொருள். அந்த இறக்கையைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் கணீர் என்று ஒலிக்காது. அதை நிமிர்த்த முயல வேண்டாம், உடைந்துபோகும். ஷாஃப்ட்டில் பூட்டும் துத்தநாகக் கட்டியை நேரத்துக்கு மாற்றியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

இறக்கை எத்தனை? இரண்டு இறக்கை இழுவை குறைவு. படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் கீல் கட்டையின் பின்னால் நேராக நிறுத்தி மறைத்துக்கொள்ளவும் முடியும். ஆனால் அதே சக்தியை வாங்க விட்டம் ஐந்து சதவீதம் கூட வேண்டும். பதினாறு பதினாறே முக்கால் ஆகும். இடம் இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். மூன்று இறக்கை அமைதியாக ஓடும், பின்னால் போவதிலும் பிடிப்பு நன்றாக இருக்கும். நான்கு இறக்கை இந்த அளவுப் படகுக்கு அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

சின்னப் பரப்பில் அதிக வேலை வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் புகழ்பெற்ற உதாரணம் டர்பைனியா. நீராவி டர்பைனைக் கப்பலில் ஏற்றிய சார்லஸ் பார்சன்ஸ், 1894இல் கட்டிய அந்தப் படகில் முதலில் ஒரே ஒரு புரொப்பல்லரை அதிவேகத்தில் சுழலவிட்டார். இறக்கையைச் சுற்றித் தண்ணீர் அழுத்தம் குறைந்து ஆவிக் குமிழிகளாகப் பொங்கியது; படகு வேகம் எடுக்கவில்லை. கடைசியில் மூன்று ஷாஃப்ட், ஒவ்வொன்றிலும் மூன்று என்று ஒன்பது புரொப்பல்லர் பூட்டி 34 நாட் ஓட்டினார். நம் குடும்பப் படகு அந்த வேகத்தின் பக்கமே போகாது. ஆனாலும் அளவுக்கு மீறிச் சின்னதான, வேகமாகச் சுழலும் புரொப்பல்லரில் இறக்கையின் முதுகில் அரித்த குழிகள் விழுவது இதே காரணத்தால்தான்.

கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சோதித்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இத்துறையின் பிறப்பே சாட்சி. பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் 1836இல் காப்புரிமை வாங்கியது இரண்டு முழுச் சுற்றுள்ள மரத்திருகு. லண்டனில் கால்வாயில் ஓட்டிப் பார்க்கும்போது எதிலோ மோதி அதில் பாதி உடைந்து போனது. படகு முன்னைவிட வேகமாக ஓடியது. 1845இல் புரொப்பல்லர் கப்பலான ராட்லரையும் பக்கச் சக்கரக் கப்பலான அலெக்டோவையும் பின்பக்கமாகக் கட்டி இழுக்கவிட்டார்கள். ராட்லர் மற்றதைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. அந்தக் கயிறு இழுப்பைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன் அதே ராட்லரில் பல வடிவ, பல அளவுப் புரொப்பல்லர்களை மாற்றி மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்த்து எழுதி வைத்தார்கள். என் மதிப்பில் அந்தப் பொறுமைதான் பெரிய காரியம்.

கடைசியாக, மடங்கும் புரொப்பல்லர். எஞ்சினை நிறுத்தியதும் இறக்கைகள் பூ மொட்டுப்போலப் பின்னால் மடங்கிக்கொள்ளும் வகை ஒன்று. இறக்கைகள் தத்தம் அச்சில் திரும்பி, நீரோட்டத்துக்கு விளிம்பைக் காட்டி நிற்கும் வகை இன்னொன்று. இரண்டிலும் இழுவை வெகுவாகக் குறையும். இரண்டாவது வகை பின்னால் போவதிலும் நன்றாகப் பிடிக்கும். நிலையான புரொப்பல்லரைவிட விலை பல மடங்கு. உள்ளே பல்சக்கரம் உண்டு, கிரீஸ் வைக்க வேண்டும், தேய்மானம் பார்க்க வேண்டும்.

நிலையான புரொப்பல்லரை வைத்திருப்பவர்கள் பாயில் ஓடும்போது அதைப் பூட்டி நிறுத்துவதா, சும்மா சுழலவிடுவதா என்று காலங்காலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொட்டியில் வைத்து அளந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், பூட்டி நிறுத்தினால்தான் இழுவை அதிகம் என்று காட்டினார்கள். ஆனால் எல்லா கியர்பாக்ஸும் மணிக்கணக்கில் சும்மா சுழல்வதைத் தாங்காது. எஞ்சின் நின்றால் சிலவற்றில் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். கியர்பாக்ஸ் தயாரிப்பாளர் புத்தகத்தில் என்ன சொல்லியிருக்கிறாரோ அதுதான் முடிவு.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். தாரிணி போலப் பெருங்கடலைக் காற்றிலேயே கடக்கும் படகு, நிலையான மூன்று இறக்கையை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. திரும்பும் இறக்கைக்கோ மடங்கும் இறக்கைக்கோ கொடுக்கிற பணம் ஒரே பயணத்தில் நியாயமாகிவிடும். சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையோரமாக ஓடி, அடிக்கடி எஞ்சின் போடும் குடும்பப் படகுக்குச் சரியாக அளந்த நிலையான மூன்று இறக்கை போதும். நம் கரையில் இரவில் வலை பரந்து கிடக்கும். எந்தப் புரொப்பல்லராக இருந்தாலும் ஷாஃப்ட்டில் கயிறு வெட்டும் தகடு கட்டாயம் வேண்டும். ஒரு பருவம் முழுக்கப் பதிவேட்டில் எஞ்சின் மணியையும் பாய் மணியையும் தனித்தனியே எழுதுங்கள் என்று படகுக்காரரிடம் சொல்லுங்கள். ஒன்றுக்கு ஐந்து, ஆறு என்று பாய் மணி ஏறினால் மடங்கும் வகைக்கு மாறலாம். அதுவரை பணத்தை நல்ல பாய்த்துணியில் போடட்டும்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கடலோரப் பட்டறைகளில் அளந்து வேலை செய்யும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். நாளைக்கு வேலை தேடி ராயபுரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி பக்கம் போகிறவர்கள் இங்கே கற்ற மூலைமட்டத்தையும் வெர்னியரையும் கையோடு எடுத்துப் போங்கள். ஒரு புரொப்பல்லர் மேஜைக்கு வந்தால், முன்னால் இருந்ததையே மறுபடி பூட்டு என்று யார் சொன்னாலும், முதலில் நீர்மட்ட நீளம், எடை, குதிரைத்திறன், எஞ்சின் சுற்று, கியர் விகிதம், அடி இடைவெளி என்ற ஆறையும் கேட்டுத் தாளில் எழுதுங்கள். மூன்று இறக்கையிலும் கோடு போட்டு அளந்து, கிடைத்த பிட்ச்சையும் கீழே எழுதி, தேதி போட்டு, ஒரு நகலைப் படகுக்காரரிடம் கொடுங்கள். அந்தத் தாள் படகில் இருந்தால் அடுத்த துறைமுகத்தில் அடுத்த மெக்கானிக் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.